அம்மாவின் ஓட்டு என்ன ஆயிற்று?
(தென்சென்னை இடைத்தேர்தல், 1967)

"மலருக்கு ஏதாவது எழுதித் தாங்க சார், பழைய கதையா இருந்தாலும் பரவாயில்லை" என்று சங்கச் செயலாளர் தொலைபேசியில் கேட்டார். வரலாறு படித்துவிட்டு, வரலாறு சொல்லிக்கொடுத்தே ஓய்வு பெற்றவனிடம் பழைய கதைக்கா பஞ்சம்? விடுதிச் சாப்பாடு, கிரிக்கெட் கோப்பை, கடைசி பெஞ்ச் கலாட்டா இவற்றையெல்லாம் மற்ற நண்பர்கள் எழுதிவிடுவார்கள். நான் ஒரு தேர்தலைப் பற்றி எழுதுகிறேன். அதில் எனக்கு ஓட்டு இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் மூன்று நாள் பேச்சுவார்த்தை இல்லாமல் போனதற்கு அந்தத் தேர்தல்தான் காரணம்.

நான் பி.ஏ. வரலாறு படித்துக்கொண்டிருந்த காலம் அது. மந்தைவெளியில் ஓட்டு வீடு. அப்பா அச்சாபீசில் ஃபோர்மேன். கதர்தான் கட்டுவார், காமராஜர் படத்துக்கு வெள்ளிக்கிழமை தோறும் பூ வைப்பார். அம்மாவுக்கு அரசியல் கிடையாது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். 1967 பிப்ரவரியில் பொதுத்தேர்தல். சட்டசபைக்கு ஒன்று, பார்லிமெண்டுக்கு ஒன்று என்று ஆளுக்கு இரண்டு சீட்டு. தென்சென்னை பார்லிமெண்ட் தொகுதியில் தி.மு.க. சார்பில் நின்றவர் அறிஞர் அண்ணா. அப்பா ரெட்டைமாட்டுக்குப் போட்டுவிட்டு வந்தார். அம்மா யாருக்குப் போட்டாள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்கவே தோன்றவில்லை.

முடிவு தெரிந்த கதை. விருதுநகரில் காமராஜரையே பெ. சீனிவாசன் என்ற மாணவர் தலைவர் தோற்கடித்தார். முதலமைச்சர் பக்தவத்சலம் ஸ்ரீபெரும்புதூரில் தோற்றார். தி.மு.க. பார்லிமெண்டுக்கு நிறுத்திய 25 பேரும் ஜெயித்தார்கள். அப்பா அன்று சாப்பிடவில்லை. எங்கள் வகுப்பிலோ திருவிழா. 1965 மொழிப் போராட்டத்தில் தடியடி பட்ட அண்ணன்மார்கள் கல்லூரியில் இன்னும் இருந்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அத்தனை கோஷம் போட்ட எங்களில் பெரும்பாலானவர்களுக்கு ஓட்டே கிடையாது. அப்போது ஓட்டு வயது 21. இன்றைய மாணவச் செல்வங்கள் பதினெட்டிலேயே விரலில் மை வைத்துக்கொள்கிறீர்கள். அது 1989இல் வந்த வசதி.

மார்ச் 6ஆம் தேதி அண்ணா முதலமைச்சராகப் பதவியேற்றார். அப்போதுதான் சிக்கல். அவர் சட்டசபைக்கு நிற்கவில்லை, பார்லிமெண்டுக்கு அல்லவா நின்றிருந்தார்! தென்சென்னைக்காரர்கள் அவரை டெல்லிக்கு அனுப்பியிருக்கிறார்கள், அவரோ கோட்டைக்குப் போய்விட்டார். லோக்சபா இடத்தை ராஜினாமா செய்தார். தொகுதி காலி. அதே வருஷம் மறுபடியும் தேர்தல். தி.மு.க. வேட்பாளர் முரசொலி மாறன்.

மாறனுக்காக ஓட்டுக் கேட்டு எங்கள் தெருவுக்கு ஒரு கூட்டம் வந்து போன அன்று ராத்திரி, ரசம் பரிமாறிக்கொண்டே அம்மா கேட்டாள்:

"நான் அண்ணாத்துரைக்குத்தானே போட்டேன். இப்ப வேற ஒருத்தருக்குப் போடுங்கறாங்க. அப்ப என் ஓட்டு என்னடா ஆச்சு?"

அப்பாவின் கை இலையிலேயே நின்றுவிட்டது. "நீ சூரியனுக்கா போட்டே?"

"அரிசிக் கடையில நாலு மணி நேரம் நின்னது நான்தானே, நீங்களா?"

மூன்று நாள் பேச்சு இல்லை என்று சொன்னேனே, அது இப்படித்தான் ஆரம்பித்தது. என் கதை அந்த மூன்று நாள் பற்றியது அல்ல, அம்மாவின் கேள்வி பற்றியது. மறுநாள் அதை எங்கள் வரலாற்றுப் பேராசிரியரிடம் கொண்டுபோனேன். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வரலாறு எடுத்துக்கொண்டிருந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "உங்கம்மா கேட்ட கேள்வி வர்ஜினியாவில 1800லேயே வந்தாச்சு. போய் ஜான் மார்ஷலைப் படி" என்றார். அமெரிக்க நூலகத்துக்குப் போய்ப் படித்தேன். அன்று தொட்ட விஷயம், இன்றுவரை விடவில்லை.

மார்ஷல் ரிச்மண்ட் நகரத்து வக்கீல். தேர்தலில் நிற்க அவருக்கு விருப்பமே இல்லை. ஜார்ஜ் வாஷிங்டன் தன் மவுண்ட் வெர்னன் வீட்டுக்கு வரவழைத்து வற்புறுத்தி நிற்க வைத்தார். வர்ஜினியா தாமஸ் ஜெஃபர்சனின் கோட்டை. மார்ஷலோ எதிரணியான ஃபெடரலிஸ்ட் கட்சி. 1799 தேர்தலில் ஜான் கிளாப்டன் என்பவரை 108 ஓட்டில் ஜெயித்தார். அந்த ஊர் ஓட்டுமுறையைக் கேளுங்கள்: சீட்டு கிடையாது, பெட்டி கிடையாது. வாக்காளர் அதிகாரி முன் நின்று, இன்னாருக்கு என் ஓட்டு என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வேட்பாளர்களும் அங்கேயே உட்கார்ந்திருப்பார்கள், பெயர் சொன்னவருக்கு நன்றி சொல்வார்கள். நிலம் வைத்திருந்த வெள்ளை ஆண்களுக்கு மட்டுமே ஓட்டு என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். எங்கம்மா அங்கே பிறந்திருந்தால் கேள்விக்கே இடமில்லை.

ஜெயித்த அடுத்த வருஷமே, 1800 மே மாதம், ஜனாதிபதி ஜான் ஆடம்ஸ் மார்ஷலை வெளியுறவு அமைச்சராக்கினார். அமெரிக்க அரசியல் சட்டம் இதில் கண்டிப்பானது. அரசாங்கப் பதவி வகிப்பவர் சபையில் உறுப்பினராக இருக்கக் கூடாது. ஏன் இந்தக் கெடுபிடி? இங்கிலாந்தில் ராஜா பதவி கொடுத்துப் பார்லிமெண்ட் உறுப்பினர்களை விலைக்கு வாங்கியதை அவர்கள் பார்த்திருந்தார்கள். அந்த வியாபாரமே வேண்டாம் என்று கதவைச் சாத்திவிட்டார்கள். ஆகவே மந்திரியாக வேண்டுமா, சபையை விட்டு வெளியே போ. மார்ஷல் ஜூனில் இடத்தை விட்டார்.

காலியான இடத்தை யார் நிரப்புவது? அதே சட்டம் சொல்கிறது: அந்த மாநிலத்தின் ஆளுநர் தேர்தல் நடத்த உத்தரவிட வேண்டும். தன் இஷ்டத்துக்கு யாரையும் நியமிக்க முடியாது. இன்றுவரை அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் நியமன உறுப்பினராக ஒருவர்கூட உட்கார்ந்தது கிடையாது. மேல்சபை கதை வேறு, அதை விடுங்கள்.

அந்த இடைத்தேர்தலில் ஜெயித்தவர் லிட்டில்டன் டேஸ்வெல். 25 வயது இளைஞர், அதுவும் ஜெஃபர்சன் கட்சி! அதாவது பதினெட்டு மாதம் முன்னால் மார்ஷலை அனுப்பிய அதே தொகுதி, இப்போது அவருடைய எதிர்க்கட்சிக்காரரை அனுப்பியது. நவம்பர் 26ஆம் தேதி சபையில் அமர்ந்தார். தலைநகரம் அப்போதுதான் பிலடெல்ஃபியாவிலிருந்து வாஷிங்டனுக்கு மாறியிருந்தது. டேஸ்வெலுக்குக் கிடைத்தது மீதிக் காலம்தான், 1801 மார்ச் 3ஆம் தேதி வரை. மூன்று மாதத்துச் சொச்சம்.

இவ்வளவு கொஞ்ச நாளுக்கு ஒரு தேர்தல் தேவையா என்று கேட்கத் தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அந்த மூன்று மாதத்துக்குள்தான் அமெரிக்கக் குடியரசின் முதல் பெரிய நெருக்கடி வந்தது. ஜனாதிபதித் தேர்தலில் ஜெஃபர்சனுக்கும் ஆரன் பர்ருக்கும் தலா 73 ஓட்டு. சமநிலை. முடிவு செய்ய வேண்டியது பிரதிநிதிகள் சபை. மாநிலத்துக்கு ஒரு ஓட்டு என்ற கணக்கில் 35 தடவை போட்டும் யாருக்கும் பெரும்பான்மை வரவில்லை. 1801 பிப்ரவரி 17ஆம் தேதி, 36ஆம் தடவையில் ஜெஃபர்சன் தேர்வானார். வர்ஜினியா உறுப்பினர்களில் ஜெஃபர்சன் கட்சியார்தான் மிகுதி என்பதால் டேஸ்வெல் இல்லாவிட்டாலும் அந்த மாநிலத்தின் ஓட்டு மாறியிருக்காது. இருந்தாலும், ஒரு நாட்டின் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் நாளில் ரிச்மண்ட் தொகுதியின் நாற்காலி காலியாக இல்லை, ஆள் உட்கார்ந்திருந்தார். மார்ஷல் அதற்குள் தலைமை நீதிபதியாகி, பிறகு 34 வருஷம் அந்தப் பதவியில் இருந்தார் என்பது உங்களில் சட்டம் படித்தவர்களுக்குத் தெரியும்.

பேராசிரியரிடம் திரும்பப் போனேன். "நம்ம ஊர்ல தலைகீழ் சார்" என்றேன். "அதைத்தான் நீ கண்டுபிடிக்கணும்னு அனுப்பினேன்" என்றார்.

தலைகீழ்தான். அமெரிக்காவில் மந்திரியாக வேண்டுமென்றால் சபையிலிருந்து வெளியேற வேண்டும். நம் அரசியல் சட்டத்தின் 164ஆவது பிரிவுப்படி, சபையில் இல்லாதவர் மந்திரியானால் ஆறு மாதத்துக்குள் உள்ளே வந்தாக வேண்டும். இங்கிலாந்து இரண்டுக்கும் நடுவில் ஒரு விசித்திரம். அங்கே பார்லிமெண்ட் உறுப்பினர் மந்திரிப் பதவி ஏற்றால் இடத்தை இழந்து, அதே தொகுதியில் மறுபடி நின்று ஜெயிக்க வேண்டியிருந்தது. 1919இல் அதைத் தளர்த்தி, 1926இல் அடியோடு எடுத்துவிட்டார்கள். மூன்று நாட்டிலும் கேள்வி ஒன்றே: நான் உன்னை எதற்காக அனுப்பினேனோ அதைவிட்டு நீ வேறு வேலைக்குப் போனால், என்னை ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? அம்மா ரசத்துக்கு நடுவில் கேட்டது இதைத்தான்.

நம் மாநிலத்தில் இந்த ஆறு மாதக் கெடுவை மூன்று பெரியவர்கள் மூன்று விதமாகக் கடந்தார்கள். தியாகராய நகரில் நடக்கும் பழக்கம் உள்ளவர்கள் ஒரு நாள் பசுல்லா சாலையிலிருந்து திருமலைப் பிள்ளை சாலை வரை நடந்து பாருங்கள். முன்னதில் ராஜாஜி இருந்தார், பின்னதில் காமராஜர். ராஜாஜி 1952இல் முதலமைச்சரானபோது தேர்தலிலேயே நிற்கவில்லை. ஆளுநர் ஸ்ரீபிரகாசா அவரை மேலவைக்கு நியமித்தார். கம்யூனிஸ்ட் தலைவர் பி. ராமமூர்த்தி அதை எதிர்த்து உயர் நீதிமன்றம் போனார், பலிக்கவில்லை. காமராஜர் 1954 ஏப்ரல் 13ஆம் தேதி முதலமைச்சரானபோது அவரும் அண்ணாவைப் போலவே லோக்சபா உறுப்பினர்தான், ஸ்ரீவில்லிபுத்தூர் தொகுதி. அவர் மேலவைப் பக்கம் போகவில்லை. குடியாத்தம் சட்டசபை இடைத்தேர்தலில் நின்றார். கம்யூனிஸ்ட் வேட்பாளர் எதிர்த்தார். தி.மு.க. எதிர்க்காமல் ஆதரவு தந்தது. பெரியாரும் ஆதரித்தார். ஜெயித்து வந்தார்.

அண்ணா? அவர் மேலவை உறுப்பினராகி, 1969 பிப்ரவரி 3ஆம் தேதி மறையும் வரை மேலவை உறுப்பினராகவே முதலமைச்சராக இருந்தார். சட்டப்படி இதில் ஒரு குறையும் இல்லை. மேலவை 1986இல் கலைக்கப்படும் வரை அது ஒரு ராஜபாட்டைதான். ஆனால் அண்ணாவின் எழுத்தை ராத்திரி முழுக்கப் படித்து வளர்ந்த எனக்கே இதில் ஒரு மனக்குறை உண்டு, சொல்லிவிடுகிறேன். அந்த வருஷம் அவர் எந்தத் தொகுதியில் நின்றிருந்தாலும் ஜெயித்திருப்பார். குடியாத்தத்தில் காமராஜர் வெயிலில் நின்று ஓட்டுக் கேட்ட மாதிரி அண்ணாவும் கேட்டிருந்தால், அப்பாவிடம் நான் வாதாட இன்னும் ஒரு பாயிண்ட் கிடைத்திருக்கும். அப்பா அந்தக் குடியாத்தத்தை வைத்தே என்னை வாயடைத்தார். "எங்க ஆளு ஜனங்ககிட்ட போனார்டா. உங்க ஆளு?"

நான் சொன்ன பதில்: "அவர் போகலை, ஆனா தொகுதியை ஜனங்ககிட்டயே திருப்பிக் கொடுத்துட்டார் இல்ல?" அன்று வாதத்துக்காகச் சொன்னது. 32 வருஷம் கழித்து அதன் அருமை எனக்கே புரிந்தது.

1999 பிப்ரவரியில் கிரிதர் கமாங் ஒரிசா முதலமைச்சரானார். அவரும் லோக்சபா உறுப்பினர். ஆறு மாதம் இருக்கிறதே என்று ராஜினாமா செய்யவில்லை. ஏப்ரல் 17ஆம் தேதி வாஜ்பாய் அரசின் மீது நம்பிக்கை ஓட்டு. அ.தி.மு.க. ஆதரவை விலக்கிக்கொண்டதால் வந்த வினை அது, அதாவது நம் போயஸ் தோட்டத்தில் கிளம்பிய புயல். புவனேஸ்வரத்தில் முதலமைச்சராக இருந்தவர் டெல்லிக்கு வந்து ஓட்டுப் போட்டார். ஆதரவு 269, எதிர்ப்பு 270. ஒரே ஒரு ஓட்டில் மத்திய அரசு கவிழ்ந்தது. சட்டம் இடம் கொடுத்தது, உண்மை. ஆனாலும் ஒரு மாநிலத்தின் முதலமைச்சர் நாட்டின் அரசைத் தன் கையால் கவிழ்க்கலாமா என்ற சர்ச்சை வெகுநாள் ஓடியது. அன்று டி.வி. பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு டேஸ்வெல் ஞாபகம் வந்தார். 1801இலும் தலைவர் யார் என்று தெரியாத நாள், 1999இலும் அப்படி ஒரு நாள். அங்கே பதவி ஏற்றவர் ஒதுங்கி, ஜனங்கள் அனுப்பிய புது ஆள் உட்கார்ந்திருந்தார். இங்கே பழைய ஆளே வந்துவிட்டுப் போனார்.

தென்சென்னையில் மாறன் ஜெயித்தார். பார்லிமெண்டுக்குள் அவர் முதலில் நுழைந்தது இந்த இடைத்தேர்தல் வாசல் வழியாகத்தான். 1971இலும் அதே தொகுதியில் ஜெயித்தார். பிறகு ராஜ்யசபா, மத்திய சென்னை, மத்திய மந்திரி என்று 2003இல் மறையும் வரை டெல்லியிலேயே அவர் காலம் கழிந்தது. காலி இடத்துக்கு வந்தவர் எல்லாம் மூன்று மாத விருந்தாளியாகத்தான் இருப்பார்கள் என்பதில்லை. டேஸ்வெல்கூட பிற்பாடு செனட்டராகவும் வர்ஜினியா ஆளுநராகவும் வந்தவர்தான்.

இடைத்தேர்தல் என்றால் ஆளுங்கட்சிக்கே ஜெயம் என்று இன்று ஒரு வாய்பாடு சொல்கிறார்கள். 1973இல் திண்டுக்கல்லில் புதிதாகப் பிறந்த அ.தி.மு.க.வின் மாயத்தேவர் ஜெயித்தாரே, அது எந்த வாய்பாடு? அண்ணா கதையின் அச்சு அசல் மறுபதிப்பு 2017இல் உத்தரப் பிரதேசத்தில் நடந்தது. கோரக்பூர் லோக்சபா உறுப்பினர் யோகி ஆதித்யநாத் முதலமைச்சரானார், மேலவைக்குப் போனார், லோக்சபா இடத்தை விட்டார். 2018 மார்ச் இடைத்தேர்தலில் அந்தத் தொகுதியை அவர் கட்சி சமாஜ்வாதியிடம் இழந்தது. கோரக்பூர்க்காரர்கள் வர்ஜினியாக்காரர்கள் மாதிரி நடந்துகொண்டார்கள், மயிலாப்பூர்க்காரர்கள் மாதிரி இல்லை.

இன்னொரு விஷயத்தையும் மாணவர்கள் தெரிந்துகொள்ளுங்கள். 1967இல் காலி இடத்துக்கு இத்தனை நாளில் தேர்தல் வைக்க வேண்டும் என்று சட்டத்தில் கெடு இல்லை. ஆறு மாதத்துக்குள் என்ற விதி 1996இல்தான் சேர்ந்தது. அதிலும், மீதிக் காலம் ஒரு வருஷத்துக்குக் குறைவு என்றால் தேர்தல் கட்டாயமில்லை. டேஸ்வெல் இந்தியாவில் பிறந்திருந்தால் வீட்டிலேயே உட்கார்ந்திருப்பார்.

இனி எங்கள் வீட்டுக்கு வருகிறேன். இடைத்தேர்தல் பிரசாரத்தின்போது லஸ் முனையிலும் மாங்கொல்லையிலும் கூட்டம் கேட்டுவிட்டு நான் ராத்திரி தாமதமாக வருவேன். அப்பா திண்ணையில் படுத்தபடி திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். பொதுத்தேர்தலில் பக்கத்துத் தெருப் பெரியவர்கள் ராஜாஜி சொல்லிவிட்டார் என்று ஒரு கையில் பூணூலைப் பிடித்துக்கொண்டு மறு கையால் சூரியனுக்குக் குத்தியதை நினைத்து நினைத்துப் பொருமுவார். "தலைவரே தோத்தப்புறம் எனக்கு எதுக்கு ஓட்டு? நான் போகப்போறதில்லை" என்று தேர்தலுக்கு முதல் நாள் அறிவித்தார். அம்மா, "எனக்கும் வேலை இருக்கு" என்றாள். ஓட்டுப் போட உரிமை உள்ள இரண்டு பேரும் வீட்டில். ஓட்டே இல்லாத நான் காலையிலிருந்து பள்ளிக்கூட வாசலில் சீட்டு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

பதினோரு மணிக்கு அம்மா வந்தாள். வெங்காயப் பையோடு வந்தாள், மார்க்கெட்டுக்குப் போகிற மாதிரி. என்னிடமே சீட்டு வாங்கிக்கொண்டாள். "அன்னிக்குப் போட்டதை யார்கிட்ட குடுத்தாங்கன்னு பாக்க வேண்டாமா?" என்றாள்.

நாலரை மணிக்கு நான் டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது கூட இருந்த நண்பன், "உங்கப்பா வந்துட்டுப் போனார்டா" என்றான். நான் நம்பவில்லை. ராத்திரி சாப்பாட்டில் அப்பா இடது கையை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார். தண்ணீர்ச் சொம்பை எடுக்கும்போது தெரிந்தது, ஆள்காட்டி விரலில் புது மை. அம்மாவும் பார்த்தாள், நானும் பார்த்தேன். யாருக்குப் போட்டீர்கள் என்று இரண்டு பேருமே கேட்கவில்லை. அம்மா அவர் இலையில் இன்னும் ஒரு கரண்டி சாதம் வைத்தாள்.